கதிர்வீச்சுக்குப் பின் குடலும் உணவும்

கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு அடிவயிற்றில் தரும் கதிர்வீச்சு, மக்கள் பேச்சில் ‘கரண்ட் வைப்பது’, பெரும்பாலும் வாரத்துக்கு 5 நாளாக 5 வாரம் நடக்கும். எவ்வளவு கவனமாகக் குறிவைத்தாலும் பக்கத்திலுள்ள சிறுகுடலும் கொஞ்சம் கதிரை வாங்கிக்கொள்ளும். சில நாட்களுக்கொருமுறை புதுப்பிக்கப்படும் அதன் உட்பூச்சு அப்போது சரியாக வளராது. 2, 3 வாரங்களில் வயிற்றுப்போக்கும் முறுக்கு வலியும் தொடங்கும். சிகிச்சை முடிந்த சில வாரங்களில் பலருக்கு இது அடங்கிவிடும். சிலருக்கு ஆண்டுகள் கழித்தும் தலைகாட்டும்.

பாலிலுள்ள சர்க்கரையைச் செரிக்கும் லாக்டேஸ் அந்த உட்பூச்சில்தான் இருக்கிறது. அது குறைந்தால் காலைக் காப்பியே வயிற்றைக் கலக்கும். மோர் பலருக்கு ஒத்துக்கொள்ளும். கூடாரவல்லியன்று ஸ்ரீரங்கத்து வீடுகளில் மணக்கும் அக்காரவடிசலில் பாலோடு நெய்யும் சேர்வதால் தொல்லை இரட்டிப்பாகும். கொழுப்பைச் செரிக்க வரும் பித்த உப்பில் ஏறத்தாழ 95 விழுக்காட்டைச் சிறுகுடலின் கடைசிப் பகுதி திரும்ப உறிஞ்சுகிறது. அந்தப் பகுதி பழுதானால் பித்த உப்பு பெருங்குடலில் இறங்கி நீராகப் போக வைக்கும். இதற்குப் பத்தியம் மட்டும் போதாது. கொலஸ்டிரமின் போன்ற மருந்தை மருத்துவர் தருவார்.

நார்ச்சத்தெல்லாம் ஒன்றல்ல என்பதற்கு, தேசிய வாழை ஆராய்ச்சி மையம் அமைந்துள்ள திருச்சியின் வாழையே சாட்சி. பழத்திலுள்ள பெக்டின் நீரைப் பிடித்து மலத்தை இறுக்கும். மொந்தன் காயைத் தோல் சீவி, குழைய வேகவைத்து, உப்பு மட்டும் போட்டு மசித்துச் சோற்றில் பிசைந்து கொடுக்கலாம். அதே மரத்தின் தண்டும் பூவும் கரையாத நார். போக்கு நிற்கும்வரை அவை வேண்டாம்.

உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தை அதில் குறித்த அளவு தண்ணீரில் முழுதாகக் கரைத்து, அடிக்கடி கொஞ்சமாகக் குடிக்க வேண்டும். பயத்தில் மாதக்கணக்காக வெறும் கஞ்சியோடு நிறுத்திக்கொள்வதுதான் பெரிய கேடு, உடல் இளைத்துப்போகும். இட்லி, மசித்த பாசிப்பருப்பு, வேகவைத்த முட்டை, எண்ணெய் குறைந்த மீன் என்று சிறு சிறு வேளையாகச் சாப்பிடலாம். வயிறு தேறியதும் விலக்கியவற்றை ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்க்க வேண்டும்.

காய்ச்சல், வயிறு உப்பி வாந்தி, இரவில் எழுப்பும் போக்கு ஆகியவற்றுக்கு உடனே மருத்துவமனை போக வேண்டும். மலத்தில் ரத்தம் கண்டால் மூலம் என்று வீட்டிலேயே முடிவுகட்டக் கூடாது. சிகிச்சை முடிந்து எத்தனை ஆண்டானாலும், கதிர்வீச்சு எடுத்த பழைய சீட்டை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.