சர்க்கரை போடாத டீ

2017 மார்ச். எங்கள் தெருமுனைப் பெட்டிக்கடையில் ஒரு பையன் கோக் கேட்டான். "அதெல்லாம் இப்ப விக்கிறதில்ல தம்பி. பவண்டோ இருக்கு, வேணுமா?" என்றார் கடைக்காரர். பையன் திரும்பிப் பார்த்தான். பின்னால் நாங்கள் மூன்று பேர் நின்றிருந்தோம். "பவண்டோவே குடுங்கண்ணே" என்றான், கொஞ்சம் சத்தமாகவே.

ஜல்லிக்கட்டுப் போராட்டம் முடிந்த சூடு ஆறாத நேரம். மார்ச் 1 முதல் பெப்சி, கோக் விற்பதில்லை என்று தமிழக வணிகர் சங்கங்கள் அறிவித்திருந்தன. அந்த நிறுவனங்கள் தாமிரபரணித் தண்ணீரை எடுப்பது பற்றிய கோபமும் அதில் சேர்ந்திருந்தது. ஆனாலும் அந்தப் பையன் ஒரு பாட்டிலை விட்டதால் கோக்கின் அட்லாண்டா தலைமையகத்தில் யாருக்கும் தூக்கம் கெட்டிருக்காது. அது அவனுக்கும் தெரியும்.

பிறகு ஏன் விட்டான்? பொருளியலில் இது பழைய புதிர். பலன் எல்லோருக்கும் பொது என்றால், பாடுபடாமல் பலனை மட்டும் அனுபவிப்பதுதான் தனி ஆளுக்கு லாபம் என்று 1965-ல் எழுதினார் மன்கூர் ஓல்சன். ஊர் கூடித் தேர் இழுக்கும்போது வடத்தைச் சும்மா தொட்டுக்கொண்டு நடப்பவரை நாம் பார்த்ததில்லையா? கணக்குப்படி எல்லோரும் அப்படித்தான் நடக்க வேண்டும். தேர் நகரவே கூடாது. நகர்கிறது.

எப்படி நகர்கிறது என்பதற்கு இங்கிலாந்தின் டீ மேஜைகளைப் பார்க்கலாம். 1791 ஏப்ரலில் அடிமை வணிகத்தை ஒழிக்கும் முயற்சி நாடாளுமன்றத்தில் 163-க்கு 88 என்று தோற்றது. அதே ஆண்டு வில்லியம் ஃபாக்ஸ் என்பவர் ஒரு சிறு பிரசுரம் வெளியிட்டார். கரீபியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களில் அடிமைகள் விளைவித்த சர்க்கரையை வாங்காதீர்கள் என்பது கோரிக்கை. கூடவே ஒரு கணக்கும் போட்டார்: வாரம் 5 பவுண்டு, அதாவது இரண்டேகால் கிலோ சர்க்கரை வாங்கும் குடும்பம் 21 மாதம் அதை நிறுத்தினால், ஒரு மனித உயிர் அடிமைப்படாமல் அல்லது கொல்லப்படாமல் தப்பும்.

கணக்கு சரிதானா என்றால் நான் ஜாமீன் நிற்கமாட்டேன். ஆனால் "நான் ஒருத்தி விட்டால் என்ன ஆகிவிடும்?" என்ற கேள்விக்கு அதில் பதில் இருந்தது. ஒருத்தி என்று சொல்லக் காரணம் உண்டு. அன்றைய பெண்களுக்கு ஓட்டு இல்லை. ஆனால் டீ மேஜை அவர்கள் பொறுப்பு. சுமார் 3 லட்சம் பேர் சர்க்கரையை விட்டதாக அடிமை ஒழிப்பு இயக்கத்தின் தாமஸ் கிளார்க்சன் மதிப்பிட்டார்.

சர்க்கரையை விடுவதில் இன்னொரு விசேஷம், அது நாலு பேர் கண்ணில் படும். விருந்தாளி வருகிறார், டீ வருகிறது, சர்க்கரை வரவில்லை. ஏன் என்று கேட்காமல் இருப்பாரா? பிற்பாடு, 'கிழக்கிந்தியச் சர்க்கரை, அடிமைகள் செய்ததல்ல' என்று எழுதிய கிண்ணங்களே விற்பனைக்கு வந்தன. (கும்பினி ஆண்ட வங்கத்திலிருந்து போன சரக்கு மனசாட்சிக்கு உகந்ததாக விலைபோனதை நினைத்தால், எனக்குச் சர்க்கரை போட்ட டீயும் கசக்கிறது.)

நம் காலத்திலும் இதற்குச் சான்று உண்டு. ஐரோப்பிய உணவு நிறுவனம் ஒன்று தொழிற்சாலைகளை மூடப்போவதாக அறிவித்தபோது ஜில் கிளைன், கிரெய்க் ஸ்மித், ஆண்ட்ரூ ஜான் என்ற ஆய்வாளர்கள் மூவரும் வாடிக்கையாளர்களிடம் ஆய்வு நடத்தி 2004-ல் வெளியிட்டார்கள். கோபப்பட்டவர்கள் ஏராளம். வாங்குவதை நிறுத்தியவர்களோ அவர்களில் கொஞ்சம் பேர்தான். நிறுத்தியவர்களிடம், நம்மால் ஏதாவது மாறும் என்ற நம்பிக்கை இருந்தது. அதோடு, வாங்கினால் மனம் உறுத்தும், தெரிந்தவர்கள் பார்த்தால் கூச்சமாக இருக்கும் என்ற எண்ணமும் இருந்தது. நிறுத்தாதவர்களைப் பிடித்து வைத்தவை, நாக்குக்குப் பழகிய ருசியும் 'அங்கே வேலை பார்க்கும் மற்றவர்கள் பிழைப்பும் கெடுமே' என்ற தயக்கமும்.

இனி எங்கள் பெட்டிக்கடைக்கு வருவோம். பையனின் நாக்குக்குப் பெரிய நஷ்டமில்லை; 1916-ல் விருதுநகரில் தொடங்கிய காளிமார்க்கின் பவண்டோ கைக்கெட்டும் தூரத்தில் குளிர்ந்துகொண்டிருந்தது. பார்க்க நாங்கள் மூன்று பேர் இருந்தோம். பவண்டோவுக்குப் பதில் வெறும் மோர்தான் என்றிருந்தால், பின்னால் ஆளும் இல்லாதிருந்தால், எனக்குச் சந்தேகம்தான்.

அதற்காக அவனைப் போலி என்று சொல்ல மாட்டேன். 1990 முதல் 2005 வரை அமெரிக்காவில் நடந்த புறக்கணிப்புகளை ஆராய்ந்த பிரெய்டன் கிங், பத்திரிகைகளில் பெயர் அதிகம் அடிபட்ட நிறுவனங்களே பணிய வாய்ப்பு அதிகம் என்று கண்டார். நிறுவனங்களின் பயம் கல்லாப்பெட்டியோடு நிற்பதில்லை, பேர் கெடுவதைப் பற்றியதும்தான். அப்படியானால் பையன் சத்தமாகச் சொன்னதும் கணக்கில் சேர்த்திதானே?

சில மாதங்களில் கோக் பாட்டில்கள் கடையில் மெல்லத் தலைகாட்டின. ஒருநாள் மாலை, வழக்கமாக அங்கேயே நின்று குடிக்கும் பக்கத்துத் தெருப் பெரியவர் ஒன்று வாங்கினார். மூடியைத் திறக்கப்போன கடைக்காரரைத் தடுத்து, "வேணாம்ப்பா, பேப்பர்ல சுத்திக் குடு, வீட்டுக்குக் கொண்டுபோறேன்" என்றார்.