மின்சார வண்டிக்கு உணவு வேளை எது?

திருகோணமலையின் இயற்கைத் துறைமுகத்தைப் பற்றிப் பேசுவோர் சீனன்குடாவின் எண்ணெய்த் தாங்கிகளைப் பற்றியும் பேசாமல் இருப்பதில்லை. இரண்டாம் உலகப் போர் நெருங்கிய காலத்தில், தங்கள் கடற்படையின் தேவைக்கெனப் பிரித்தானியர் எழுப்பியவை அவை. இன்று எஞ்சி நிற்பவை 99. எனினும், 2022ஆம் ஆண்டில் நாட்டின் அந்நியச் செலாவணி வற்றியபோது, அத்தாங்கிகளின் அயலில் வாழும் மக்களும் ஏனைய ஊரவரைப் போலவே பெற்றோலுக்காக வரிசையில் நிற்க நேர்ந்தது. தாங்கி நம்மிடம் இருந்தாலும் எண்ணெய் பிறரிடம் இருக்கிறது என்ற உண்மையை அன்று யாவரும் உணர்ந்தனர்.

ஆகவே, 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் தொடங்கியபோது, பலருடைய எண்ணம் மின்சார வண்டியின்பால் திரும்பியதில் வியப்பில்லை. லிங்கநகர் போன்ற குடியிருப்புகளில் இன்று இரண்டு வினாக்கள் எழுகின்றன. நம் கைப்பணத்துக்கு இது கட்டுபடியாகுமா? நாட்டின் மின்சாரம் இதைத் தாங்குமா? இவ்விரண்டும் வெவ்வேறு வினாக்கள்போலத் தோன்றினும், விடை ஒன்றிலேயே வந்து முடிகின்றன என்பதை மேலே காண்போம்.

வீட்டுக் கணக்கு

முதலில் செலவைப் பார்ப்போம். மின்சார ஸ்கூட்டர் ஒன்று 100 கிலோமீற்றர் ஓட ஏறக்குறைய 3 அலகு மின்சாரம் போதும். சிறிய மின்சாரக் காருக்கு அதே தூரத்துக்கு 15 அல்லது 16 அலகு வேண்டும். ஓர் அலகு என்பது ஒரு கிலோவோட் வலு ஒரு மணி நேரம் ஓடுவதாகும். மாதப் பட்டியலில் நாம் காணும் யூனிற் அதுவே.

நாள்தோறும் 20 கிலோமீற்றர் ஸ்கூட்டரில் செல்பவருக்கு மாதம் 18 அலகு கூடும். நாள்தோறும் 40 கிலோமீற்றர் கார் ஓட்டுபவருக்கு மாதம் 190 அலகு கூடும். இங்கேதான் பலர் கணக்கில் தவறுகின்றனர். நம் வீட்டு மின் கட்டணம் ஒரே விலையில் அமைவதன்று. 60, 90, 120, 180 என்று படிப்படியாக ஏறுவது. மாதம் 85 அலகு செலவிடும் வீட்டில் ஸ்கூட்டர் வந்தால் 103 ஆகும். ஒரு படி மேலே ஏறியதாகும். கார் வந்தாலோ 180ஐத் தாண்டி உச்சப் படியிலேயே நிற்க வேண்டும். ஆதலால், வண்டியின் செலவைக் கணக்கிடும்போது பழைய பட்டியலின் சராசரி விலையை எடுத்துக்கொள்ளலாகாது. வண்டி வந்தபின் எந்தப் படியில் நிற்போமோ, அந்தப் படியின் விலையையே எடுத்துக்கொள்ள வேண்டும்.

அப்படிக் கணக்கிட்டாலும், பெற்றோல் லீற்றர் 300 ரூபாய் அளவில் விற்ற 2025ஆம் ஆண்டில், ஓட்டச் செலவில் மின்சாரமே மலிவாக இருந்தது. ஆனால் வாங்கும் விலை வேறு. இறக்குமதி செய்யப்படும் மின்சாரக் காருக்கு மோட்டாரின் வலுவைக் கிலோவோட்டில் அளந்து வரி விதிக்கின்றனர். வலு மிகுந்தால் வரியும் மிகும். நாள்தோறும் குறைந்த தூரம் ஓடுபவர், வாங்கும்போது கொடுத்த மிகைவிலையைப் பெற்றோல் மீதத்தால் ஈடுசெய்யப் பல ஆண்டுகள் செல்லலாம். நாள் முழுவதும் ஓடும் முச்சக்கர வண்டிக்காரருக்கோ அது விரைவில் ஈடாகும்.

பற்றரியையும் மறக்கலாகாது. 2014, 2015ஆம் ஆண்டுகளில் இந்நாட்டுக்கு வந்த நிசான் லீஃப் கார்களின் பற்றரிகளுக்குத் திரவக் குளிரூட்டல் கிடையாது. அத்தகையவை வெப்பநாடுகளில் விரைவாகத் தேய்ந்தன. சித்திரை, வைகாசி வெயிலை அறிந்த திருகோணமலையில் பழைய வண்டி வாங்குவோர், பற்றரியின் எஞ்சிய கொள்ளளவைச் சோதித்து எழுத்தில் பெற்றுக்கொள்வது நன்று.

நாட்டுக் கணக்கு

இனி, நாட்டின் மின்சாரம் தாங்குமா என்று பார்ப்போம். ஓர் இலட்சம் மின்சாரக் கார்கள் நாள்தோறும் 40 கிலோமீற்றர் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். அவற்றுக்கு நாளொன்றுக்கு வேண்டுவது 6 இலட்சத்து 40 ஆயிரம் அலகு. இலங்கை நாளொன்றுக்கு உற்பத்தி செய்வதோ 4 கோடி அலகுக்கும் மேல். நூற்றில் இரண்டு பங்குகூட இல்லை. இவ்வளவுதானா என்று ஆறுதல் கொள்ளலாம்.

ஆனால், அதே ஓர் இலட்சம் கார்களின் உரிமையாளர்களும் வேலை முடிந்து வீடு திரும்பி, மாலை 7 மணிக்குச் சாதாரண மின்செருகியில் வண்டியைப் பொருத்துகின்றனர் என்று எண்ணுங்கள். ஒவ்வொன்றும் 3 கிலோவோட் இழுத்தால், மொத்தம் 300 மெகாவோட். நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் மூன்று இயந்திரங்களில் ஒன்றின் முழு வலுவும் அதுவே! நாடு முழுவதும் விளக்கும் விசிறியும் தொலைக்காட்சியும் சமையற் கருவியும் ஓடும் அவ்வேளையின் தேவை ஏற்கனவே 2,500 மெகாவோட்டைத் தாண்டுவது. அதன்மேல் இந்தச் சுமை ஏறினால் என்னாகும்? நீரும் நிலக்கரியும் போதாதபோது எண்ணெய் எரிக்கும் நிலையங்களை ஓட்ட வேண்டும். பெற்றோலை விட்டொழித்தோம் என்று நாம் மகிழ்ந்திருக்க, நமக்காக வேறோரிடத்தில் டீசல் எரியும்.

பகலிலோ நிலைமை நேர்மாறு. 2025 பெப்ரவரி 9ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், பாணந்துறை உபமின் நிலையத்தில் குரங்கொன்று மின்கம்பியில் பட்டதால் நாடு முழுவதும் இருளில் மூழ்கியதை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். குரங்கின்மேல் பழி விழுந்தது. ஆனால் உட்காரணம் வேறு. விடுமுறை நாளாதலால் மின்சாரத் தேவை குறைவு. வெயில் மிகுதியாதலால் கூரைமேல் சூரியத் தகடுகளின் உற்பத்தி மிகுதி. சுழலும் பெரிய இயந்திரங்கள் குறைவாக ஓடும் அத்தகைய வேளையில், ஓரிடத்து அதிர்ச்சியைத் தாங்கி நிற்கும் கனம் மின்வலையமைப்புக்கு இல்லாமற் போகிறது. அதே ஆண்டு சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், பகல் வேளையில் சூரியத் தகடுகளை நிறுத்திவைக்குமாறு இலங்கை மின்சார சபை வீட்டுக்காரர்களை வேண்டிக்கொண்டது. மாலையில் பற்றாக்குறை, நண்பகலில் எறியவேண்டிய மிகுதி! இதுவே நம் மின்சாரத்தின் இன்றைய நிலை.

இந்த மிகுதி இனியும் வளரும். கொட்டியாரக் குடாவின் தென்கரையில், சம்பூரில், இந்தியாவின் துணையுடன் 500 மெகாவோட் நிலக்கரி நிலையம் அமைக்கும் திட்டம் 2016இல் கைவிடப்பட்டது. அதற்கு மாற்றாக வந்த 120 மெகாவோட் சூரிய மின்திட்டத்தின் பணிகள் 2025 ஏப்ரலில் தொடக்கிவைக்கப்பட்டன. குடாவின் ஒருபுறம் பழைய எண்ணெய்த் தாங்கி, மறுபுறம் புதிய சூரியத் தகடு. ஆயினும் சூரியன் இரவில் வருவதில்லை. அவன் பகலில் தருவதைப் பகலிலேயே வாங்கிவைக்கும் ஏனம் வேண்டும். வண்டியின் பற்றரி அத்தகைய ஏனமே.

தெருமுனையைப் பாருங்கள்

நாட்டுக்குத் தாங்கும் சுமை தெருவுக்குத் தாங்காமலும் போகலாம். தெருமுனைக் கம்பத்தில் 100 கிலோவோல்ட் அம்பியர் கொண்ட மின்மாற்றி இருப்பதாக வைத்துக்கொள்வோம். பல வீடுகளுக்கு அதுவே ஆதாரம். 7 கிலோவோட் இழுக்கும் விரைவு மின்னேற்றிகள் பத்து ஒரே வேளையில் இயங்கினால் 70 கிலோவோட் அவற்றுக்கே போய்விடும். அப்போது விளக்கு மங்குவதும் மின்னழுத்தம் தாழ்வதும் வண்டி இல்லாத வீட்டாரையே முதலில் வருத்தும். வண்டி வைத்திருப்போர் தம் அயலாரையும் எண்ண வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

செய்யத்தக்கவை

மாலை 6.30 முதல் இரவு 10.30 வரையுள்ள உச்ச நேரத்தில் வண்டிக்கு மின்னேற்றாதீர்கள். இரவு 10.30க்கும் விடியற்காலை 5.30க்கும் இடையே தானாகவே தொடங்குமாறு நேரக் கருவியை அமைத்துக்கொள்ளுங்கள். நேரத்துக்கேற்பக் கட்டணம் விதிக்கும் முறை உங்கள் இணைப்புக்குக் கிடைக்குமா என்று மின் விநியோக அலுவலகத்தில் விசாரியுங்கள். நள்ளிரவு அலகு அதில் மலிவு. கூரையில் சூரியத் தகடு உள்ளோரும், பகலில் வண்டி வீட்டில் நிற்கும் இல்லத்தரசியரும், ஓய்வு பெற்றோரும் நண்பகலிலேயே மின்னேற்றலாம். பழைய வயரிங்கில் நீட்டிப்புக் கம்பியைப் போட்டு மணிக்கணக்கில் மின்னேற்றுவது தீவிபத்தை அழைப்பதாகும். தனிக் கம்பி, நல்ல புவித்தொடுப்பு, ட்ரிப் சுவிச் ஆகிய மூன்றும் இன்றியமையாதவை. உப்புக்காற்று வீசும் ஊராதலால், வெளிச்சுவரில் உள்ள செருகியை மூடிவைப்பதும் துருவைச் சோதிப்பதும் நன்று.

அரசும் தன் பங்கைச் செய்ய வேண்டும். பாடசாலை, அலுவலகம், சந்தை, பேருந்து நிலையம் ஆகியவற்றின் அருகே பகல்நேர மின்னேற்று நிலையங்கள் அமைந்தால், நண்பகலில் வீணாகும் மின்சாரம் முச்சக்கர வண்டிக்காரரின் பிழைப்புக்கு உதவும்.

மின்சாரம் தாங்குமா என்ற வினாவுக்கு விடை, எத்தனை வண்டிகள் என்பதில் மட்டும் இல்லை. எந்த வேளையில் என்பதிலும் இருக்கிறது. பட்டியலின் கனமும் அந்த வேளையையே பொறுத்தது. வேளையறிந்து உண்பது உடலுக்கு நன்று என்பர் பெரியோர். வண்டிக்கும் அது பொருந்தும்.