சாக்கடைத் தண்ணீரில் செல்போன் சார்ஜ் ஏறுமா?

புரட்டாசி சனிக்கிழமையில் திருவண்ணாமலைக்குப் போயிருக்கிறீர்களா? தீப மலையைக் கேட்கவில்லை. நம்ம ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துச் சீனிவாசப் பெருமாள் மலையைத்தான் கேட்கிறோம். அந்தக் கூட்டத்தில் கழிப்பறையைத் தேடி அலைந்தவர்களிடம், "இந்தக் கழிவிலேயே விளக்கு எரிக்கலாம்" என்றால் சிரிப்பார்கள். ஆனால் 2015-ல் இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி இசைத் திருவிழாவில் அதைச் செய்தே காட்டினார்கள். பிரிஸ்டல் நகர ஆய்வாளர்கள் வைத்த கழிப்பறையில், சிறுநீரிலிருந்து வந்த மின்சாரம்தான் விளக்கை எரித்தது. 2013-லேயே அந்தக் குழு ஒரு செல்போனுக்கும் சார்ஜ் ஏற்றிவிட்டது.

இது எப்படி நடக்குது? சாப்பிட்டதிலிருந்து சக்தி எடுக்க நமக்கு ஆக்சிஜன் வேணும். காற்றில்லாத சாக்கடைச் சேற்றில் வாழும் ஜியோபாக்டர் போன்ற பாக்டீரியாக்களுக்கு அந்த வசதி இல்லை. கழிவைத் தின்றதும் மிஞ்சும் எலக்ட்ரான்களை உடம்புக்கு வெளியே தள்ளிவிடும். அங்கே ஒரு கார்பன் தகடு இருந்தால் அதில் இறக்கி வைக்கும். அதிலிருந்து கம்பி போட்டுக் காற்றுபடும் இன்னொரு தகட்டோடு இணைத்தால், எலக்ட்ரான்கள் அந்தப் பக்கம் ஓடும். அந்த ஓட்டம்தான் மின்சாரம். தண்ணீரில் இருக்கிற கழிவும் குறையும். இதுக்குப் பெயர் நுண்ணுயிர் எரிபொருள் கலம். பாக்டீரியாவிலிருந்து மின்சாரம் வரும் என்று பாட்டர் என்ற விஞ்ஞானி 1911-லேயே எழுதிவிட்டார். பால்கோவாச் சட்டி கழுவிய தண்ணீரைக்கூட இந்தப் பாக்டீரியாக்கள் விட்டுவைக்காது. 

சிக்கல் அளவில்தான். ஒரு கலம் தருவது சுமார் அரை வோல்ட். சாதாரண போன் சார்ஜருக்கே 5 வோல்ட் வேணும்; நிறையக் கலங்களைக் கோத்தாலும் மின்சாரம் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். காரக்பூர் ஐ.ஐ.டி. இந்த முறையில் கழிப்பறையே அமைத்துச் சோதித்திருக்கிறது. என்றாலும் ஊருக்கு மின்சாரம் தரும் நிலைக்கு இது இன்னும் வரவில்லை.

இன்றைக்குக் கழிவுநீரிலிருந்து பெரிய அளவில் மின்சாரம் எடுப்பது வேறு வழியில். சென்னையில் கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி சுத்திகரிப்பு நிலையங்களில் கழிவுச் சேற்றை மூடிய தொட்டியில் புளிக்க வைத்து, வரும் மீத்தேன் வாயுவால் இன்ஜினை ஓட்டி மின்சாரம் எடுத்தார்கள். அந்த மின்சாரம் நிலையத்தின் சொந்தத் தேவைக்கே உதவியது.

இப்போது முக்கியமான விஷயம். "வீட்டுச் செப்டிக் டேங்கிலேயே கரண்ட் எடுக்கலாம்" என்று ஏதாவது வீடியோ போனில் வந்தால், அதைப் பார்த்து மூடியைத் திறந்துவிடாதீர்கள். இந்தப் பாக்டீரியாக்களுக்குப் பிடித்த அதே காற்றில்லாத இருட்டில்தான் மீத்தேனும் ஹைட்ரஜன் சல்பைடும் சேருகின்றன. எட்டிப் பார்த்தவர் மயங்கி விழுவதும், காப்பாற்றக் குதித்தவரும் திரும்பாததும் இப்படித்தான். உரிய பாதுகாப்பு இல்லாமல் தொட்டிக்குள் ஆள் இறக்கிச் சுத்தம் செய்வதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. அப்படிக் கூலி பேசி இறக்கிவிடும் வீட்டுக்காரரும் குற்றவாளிதான். தொட்டி நிரம்பினால் 14420-க்குப் போன் போடுங்கள்; உறிஞ்சு லாரி வரட்டும். அதுவரை மூடி மூடியே இருக்கட்டும்.