எரிகுண்டின் வளர்ச்சி

வானினின்று வீசப்பெறும் எரிகுண்டின் வளர்ச்சி, உறையும் எரிபொருளும் ஒன்றான வரலாறே என்பது எம் துணிபு. 1915 மே 31 இரவு, இலண்டன்மீது எல்.இசட். 38 என்னும் செருமானிய வான்கப்பல் வீசிய எரிகுண்டுகள் தார்க்கயிறு சுற்றியவை; உள்ளே தெர்மைட்டு, அஃதாவது அலுமினியத்தூளும் இரும்பு ஆக்சைடும் கலந்த கலவை, இருந்தது. அத்தாக்குதலில் எழுவர் மாண்டனர். தெர்மைட்டு கடுவெப்பம் தரும். ஆயின் விரைந்து அவியும். உறையோ வெறுஞ்சுமை.

1918இல் செருமானியர் ஆக்கிய எலெக்ட்ரான் குண்டு இக்குறையை நீக்கிற்று. ஏறத்தாழ 1 கிலோ எடையுள்ள அதன் உறை மக்னீசியக் கலப்புலோகத்தால் ஆயது. தெர்மைட்டு பற்றவைக்க உறையே எரிந்தது. நீர் ஊற்றின் ஐதரசன் தோன்றித் தீ மிகும், மணலே தக்கது. (வடிவில் இது கோல்; திரட்சி குறித்த 'குண்டு' என்னும் சொல் ஈண்டுத் தொழில் பற்றியே வழங்குகின்றது.) இலண்டனையும் பாரிசையும் இதனால் எரிக்க வகுத்த திட்டம் அவ்வாண்டே கைவிடப்பட்டது. 1940இல் இவ்வகைக் குண்டுகளே இலண்டன்மீது பொழியப்பெற்றன.