விழுந்தவர்களுக்கான வினைச்சொல்

கடந்த ஆண்டு என் குரல் நாணில் சிறிய முடிச்சு ஒன்று வந்தது. 6 வாரம் வாயே திறக்கக்கூடாது என்றார் மருத்துவர். பேசிப் பிழைப்பவள் நான்! என் காலை நிகழ்ச்சியை உடன் பணிபுரியும் தம்பி நடத்த, நான் வீட்டில் பலகையில் எழுதிக் காட்டி அம்மாவிடம் கோப்பி கேட்டுக்கொண்டிருந்தேன். போன இடம் திரும்பக் கிடைக்குமா என்ற பயம் வேறு.

திரும்பிய அன்று அந்தத் தம்பி ஒரே ஒரு சொல்லைக் கைப்பேசியில் அனுப்பினான்: 'ரீசர்ஜ்'. எல்லாரும் சொல்லும் 'கம்பேக்' இல்லை. ஏன் என்று அன்றிரவு அகராதியைப் புரட்டினேன்.

வேர், லத்தீனின் 'ரெசுர்கெரே'. 'ரெ' என்றால் மீண்டும். 'சுர்கெரே' என்றால் எழுதல். மழை நேரத்தில் வாடகைக் கார் கட்டணம் 'சர்ஜ்' ஆகிறதே, அதுவும் இந்தக் குடும்பம்தான். 'சுர்கெரே'யைப் பிரித்தால், கீழிருந்து நேராக நிமிர்வது என்று வருகிறது. வெளியூர் போனவர்கூட 'கம்பேக்' கொடுக்கலாம். 'ரீசர்ஜ்' ஆக, முதலில் விழுந்திருக்க வேண்டும்.

லண்டன் செயின்ட் பால் தேவாலயம் 1666ஆம் ஆண்டுப் பெருந்தீயில் அழிந்தது. கிறிஸ்டோபர் ரென் அதைப் புதிதாகக் கட்டினார். அதன் தெற்கு வாசலுக்கு மேலே ஃபீனிக்ஸ் பறவைச் சிற்பம்; அடியில் 'ரெசுர்காம்' என்ற ஒற்றைச் சொல். 'மீண்டெழுவேன்' என்று பொருள்.

தமிழும் அதே போலத்தான் கட்டியிருக்கிறது: மீண்டு, எழு. ஆனால் நம் 'மீள்' இன்னும் ஒரு படி மேலே. திரும்பி வருவதும் மீள்வதுதான், நோயிலிருந்தும் கடனிலிருந்தும் விடுபடுவதும் மீள்வதுதான்.

அகராதி இன்னொன்றும் சொன்னது. 'ரிசோர்ஸ்' என்ற சொல்லும் பழைய பிரெஞ்சு வழியாக இதே வேரிலிருந்து வந்ததாம். அலுவலகத்தில் ஆள், பணம், நேரம் எல்லாவற்றுக்கும் அந்தச் சொல்லைப் போட்டு அலுத்துவிட்டோம். அதன் அடியில் இருப்பதோ, விழுந்தவர் எழக் கிடைக்கும் துணை.

எனக்கு அது அம்மாவின் கோப்பியும், என் இடத்தைக் காத்துவைத்துத் திருப்பித் தந்த தம்பியும். மறுநாள் காலை, முதல் பாடலுக்கு முன் நேயர்களிடம் அவன் பெயரைச் சொல்லி நன்றி சொன்னேன். குரல் கொஞ்சம் கம்மியது. முடிச்சினால் அல்ல.