வொண்டர் வுமன்: இரக்கத்தில் எழுந்து சண்டையில் சரிந்த படம்

2017ஆம் ஆண்டு ஜூன் மாதம் வெளிவந்த ‘வொண்டர் வுமன்’, பெண்ணை மையமாகக் கொண்ட சூப்பர் ஹீரோ படங்கள் ஓடாது என்று ஹாலிவுட்டில் ஊறிப்போயிருந்த எண்ணத்தைத் தகர்த்தது. 1984இல் ‘சூப்பர்கேர்ள்’, 2004இல் ‘கேட்வுமன்’, 2005இல் ‘எலெக்ட்ரா’ ஆகியவை தோல்வி கண்டபோது, திரைக்கதையின் பலவீனத்தை விட்டுவிட்டு நாயகி பெண் என்பதையே காரணமாகக் கருதும் போக்கு அங்கே நிலவியது. பேட்டி ஜென்கின்ஸ் இயக்கத்தில் கால் கடோட் நடித்த இப்படமோ உலகெங்கும் 80 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது. ஆயினும் வசூலைவிட ஆராயத் தக்கவை, வீரம் என்பதற்கு இப்படம் தந்த பொருளும், இறுதியில் அதை அதுவே கைவிட்ட விதமுமாகும்.

1941இல் இப்பாத்திரத்தைப் படைத்த வில்லியம் மோல்டன் மார்ஸ்டன் ஓர் உளவியலாளர். இரத்த அழுத்த மாற்றத்தைக் கொண்டு பொய்யைக் கண்டறியும் ஆய்வில் ஈடுபட்டவர் என்பதால், கட்டுண்டவரை உண்மை பேசவைக்கும் கயிற்றை அவர் நாயகிக்கு ஆயுதமாகத் தந்தது வியப்பன்று. சித்திரக்கதையில் அவள் இரண்டாம் உலகப் போரின் காலத்தில் தோன்றினாள். திரைப்படம் அவளை 1918க்கு, அதாவது முதல் உலகப் போரின் இறுதிக் கட்டத்துக்கு, அழைத்துச் சென்றது. கிரேக்கத் தொன்மங்கள் கூறும் அமேசான்கள் என்னும் போர்க்குலப் பெண்களிடையே வளர்ந்து, நேருக்கு நேர் நின்று பொருவதையே அறிந்த நாயகி டயானா, முகம் தெரியாத எதிரியை இயந்திரத் துப்பாக்கியும் நச்சுவாயுவும் கொன்று குவிக்கும் போரைக் காண நேர்வதால், அவளது அதிர்ச்சி பார்வையாளரின் அதிர்ச்சியாகவும் ஆகிறது.

இக்கால மாற்றத்தின் முழுப் பயனும் பதுங்குகுழிக் காட்சியில் விளைகிறது. இரு படைகளின் பதுங்குகுழிகளுக்கும் இடையே, கால் வைத்தவர் உயிரோடு மீளாத வெளியை அக்காலத்தில் யாருக்கும் உரிமையற்ற நிலம் என்று அழைத்தனர். அதற்கு அப்பாலுள்ள கிராமத்தில் மக்கள் பட்டினியில் வாடுவதைக் குழந்தையோடு நிற்கும் ஒரு தாய் சொல்லக் கேட்ட டயானா, எல்லோரையும் காப்பாற்ற இயலாது என்ற, தன்னுடன் வரும் உளவாளி ஸ்டீவ் ட்ரெவரின் சொல்லை மீறி, ஏணியேறித் தன்னந்தனியாக அவ்வெளியில் நடக்கிறாள். அவள் அங்கே யாரையும் தேடிச் சென்று கொல்லவில்லை. குண்டுகளையெல்லாம் தன் கேடயத்தில் வாங்கிக்கொண்டு, பின்னே வருவோர்க்கு வழி உண்டாக்குகிறாள். பழிவாங்கலோ வெற்றி வேட்கையோ இன்றி இரக்கமே வீரச்செயலாகும் இக்காட்சி, இவ்வகைப் படங்களில் அரிதினும் அரிது. ஒரு படத்தின் பெருமைக்கு இது ஒன்றே போதும் என்று கூறினும் மிகையாகாது.

ஒளிப்பதிவும் பாராட்டுக்குரியது. திரைப்படக் கேமரா பெண்ணைப் பெரும்பாலும் ஆணின் கண்ணுக்கு விருந்தாகவே காட்டுகிறது என்று 1975இல் திரைப்படக் கோட்பாட்டாளர் லாரா மல்வி எழுதினார். திரைப்பட ஆய்வாளர்கள் இதனை ஆண்நோக்கு என்பர். இப்படத்திலோ, அமேசான்களின் போர்க்காட்சிகளில் கேமரா அவர்களது உடலை அங்கம் அங்கமாகத் துண்டாடாமல், தசையின் வலிமையிலும் செயலின் வேகத்திலும் கவனம் கொள்கிறது.

குறை இறுதிப் பகுதியில் தொடங்குகிறது. போர்க்கடவுளாகிய ஏரெஸைக் கொன்றால் போர் நின்றுவிடும் என்று நம்பும் டயானா, ஜெர்மானியத் தளபதி லூடன்டார்ஃபே ஏரெஸ் என்று எண்ணி அவரைக் கொல்கிறாள், போரோ நிற்கவில்லை. (வரலாற்றில் அத்தளபதி 1937 வரை உயிர் வாழ்ந்தார்.) தீமை ஒரு தனி உருவத்தில் இல்லை, மனிதர் ஒவ்வொருவரிடத்தும் இருக்கலாம் என்ற கசப்பான உண்மையை அவள் எதிர்கொள்ளும் அக்கணமே படத்தின் அறிவார்ந்த உச்சம். ஆனால் உடனே உண்மையான ஏரெஸ் தோன்ற, கணினி வரைகலையால் உருவான நெருப்பும் இடியும் திரையை நிறைக்க, அவன் மடிந்ததும் படைவீரர் ஒருவரையொருவர் தழுவிக்கொள்கின்றனர். மனிதரின் பொறுப்பைப் பற்றி எழுப்பிய கேள்வியை ஒரு கடவுளின் சாவால் முடித்துவிடுவது, படம் அதுவரை ஈட்டிய நேர்மைக்கு இழைத்த அநீதியாகும்.

டயானா அமேசான்களின் தீவை விட்டு நீங்கியதும் பிற பெண்கள் ஏறத்தாழ மறைந்துவிடுவதும், ஸ்டீவின் செயலாளர் எட்டா கேண்டி நகைச்சுவைக்கு மட்டும் பயன்படுவதும், நச்சுவாயுவை உருவாக்கும் மருத்துவர் மாருவின் முகவடுவைக் கொடுமையின் அடையாளமாக்கியதும் ஏனைய குறைகள்.

2020இல் ஜென்கின்ஸே இயக்கிய ‘வொண்டர் வுமன் 1984’ படத்தின் முடிவில் டயானா எதிரியைக் கொல்லாமல், உலக மக்களிடம் பேசி, அவரவர் பேராசையை அவரவரே கைவிடச் செய்கிறாள். முதல் படத்துக்கு இத்தகைய முடிவே பொருந்தியிருக்கும். இரண்டாம் படத்திலோ அம்முடிவைத் தாங்கும் உறுதி திரைக்கதையில் இல்லை.