மும்பையில் நாயோடு டிரெக்கிங்: கயிற்றைப் பிடித்திருந்தால் மட்டும் போதுமா?

மாட்டுங்கா ஃபைவ் கார்டன்ஸ் பக்கம் காலை ஆறு மணிக்குப் போய்ப் பாருங்கள். லேப்ரடார், ஷிட்சு, பீகிள், தெருவிலிருந்து தத்தெடுத்த இண்டி என்று ஒரு நாய்ச் சந்தையே நடந்துகொண்டிருக்கும். வார நாட்களுக்கு அது போதும். சனி, ஞாயிறு வந்தால்தான் பிரச்னை. செம்பூரில் ரெண்டாவது மாடி ஃபிளாட், தாராவியில் ஒற்றை அறை, எங்கே இருந்தாலும் நாய்க்குக் கொஞ்சம் மண் தரை வேண்டும். பல பூங்காக்களின் வாசலிலேயே 'நாய்களுக்கு அனுமதி இல்லை' என்ற பலகை தொங்குகிறது. அப்போதுதான் 'பேசாம டிரெக்கிங் கூட்டிட்டுப் போயிடலாமா' என்ற யோசனை வரும்.

மும்பைக்கு ஒரு அதிர்ஷ்டம் உண்டு. கடல், காடு, சதுப்பு நிலம் மூன்றுமே நகருக்குள்ளேயே இருக்கின்றன. ஆனால் மூன்று இடத்திலும் உங்கள் நாய் ஒரே பிராணி இல்லை. காட்டில் அது இரை. சதுப்பு நிலத்தில் அது வேட்டை மிருகம். கடற்கரையில்தான் பெரும்பாலும் அது வெறும் நாயாக இருக்க முடியும். எந்தப் பாதையில் கூட்டிப் போகலாம் என்பதை இந்த வித்தியாசம்தான் முடிவு செய்கிறது.

காட்டுக்குள் ஏன் விடுவதில்லை?

போரிவலியில் இருக்கும் சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவின் பரப்பு சுமார் 104 சதுர கிலோமீட்டர். ஒரு பெருநகரத்தின் நடுவே இவ்வளவு சிறுத்தைகள் வாழும் இடம் உலகத்திலேயே அபூர்வம். செல்லப் பிராணிகளுக்கு அங்கே அனுமதி கிடையாது. அனுமதிச் சீட்டு இல்லாமல் தேசியப் பூங்காவுக்குள் நுழைவதே 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். தானே பக்கம் இருக்கும் யேவூர் மலைக்காடும் இதே பூங்காவின் பகுதிதான். வாசல் வேறு என்பதால் விதி மாறிவிடாது.

'ரூல்ஸ் அப்படி' என்று சொல்லி நிறுத்திவிட்டால் யாருக்கும் மனசு ஆறாது. காரணத்தை எண்களில் பார்க்கலாம். 2018இல் வெளியான ஓர் ஆய்வு, இந்தப் பூங்காவையும் அதன் ஓரங்களையும் சேர்ந்த சுமார் 35 சிறுத்தைகளைக் கணக்கில் எடுத்துக்கொண்டது. பூங்காவை ஒட்டிய பகுதிகளில் அவற்றின் உணவில் 40 சதவீதம் வரை நாய்கள். ஆண்டுக்கு ஏறத்தாழ 1,500 தெருநாய்களை அவை தின்கின்றன என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. அதனால் சுமார் 1,000 நாய்க்கடிகளும், 90 வரையிலான ரேபிஸ் மரணங்களும் தவிர்க்கப்படலாம் என்று இன்னொரு படி மேலே போய்க் கணக்குப் போட்டார்கள். இதெல்லாம் மாதிரியை வைத்துப் போட்ட கணக்கு, ஒவ்வொன்றாக எண்ணியதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

சிறுத்தை அதிகம் நடமாடுவது சாயங்காலம் தொடங்கி விடியும் வரை. நாம் நாயைக் கூட்டிப் போகும் நேரமும் அதேதான். ஆரே காலனியில் காலை நடைக்குப் போகிறவர்கள் இதை மறக்கக்கூடாது. அது தேசியப் பூங்காவின் வேலிக்கு வெளியே இருக்கலாம், ஆனால் சிறுத்தைக்கு வேலி தெரியாது. நாயைக் கயிற்றில் கட்டிப் பிடித்திருந்தால் பாதுகாப்பு என்று நினைக்கிறோம். இங்கே இரையின் இன்னொரு முனையை நீங்கள் பிடித்திருக்கிறீர்கள்.

சதுப்பு நிலம்: குரைக்காத நாயும் பறவைக்கு நாய்தான்

செம்பூரில் இருந்து ஹார்பர் லைனில் ஏறினால் சிவ்ரி கொஞ்ச தூரம்தான். குளிர்காலம் தொடங்கி மே மாதம் வரை அங்கே சேற்றுப் பரப்பில் பூநாரைகள் இறங்கும். 2024 ஜனவரியில் திறக்கப்பட்ட அடல் சேது கிளம்புவதும் அங்கிருந்துதான். இன்னும் வடக்கே, ஐரோலி, வாஷி பாலங்களுக்கு இடையே இருக்கிறது தானே கிரீக் பூநாரை சரணாலயம். 2015இல் அறிவிக்கப்பட்டது, 2022இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. நம் பள்ளிக்கரணையும் அதே ஆண்டுதான் அந்தப் பட்டியலுக்குள் வந்தது.

'என் நாய் சாது, யாரையும் துரத்தாது, கயிறும் கட்டியிருக்கேன்' என்பதுதான் எல்லோரும் சொல்வது. உண்மையாகவே இருக்கலாம். ஆனால் இது பறவைக்குத் தெரியாது.

சிட்னிக்கு வெளியே உள்ள காட்டுப் பாதைகளில் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். முடிவு 2007இல் வெளியானது. 90 இடங்கள். சில இடங்களில் கயிற்றில் கட்டிய நாயோடு ஒருவர் நடந்தார், சில இடங்களில் நாய் இல்லாமல் மனிதர்கள் மட்டும் நடந்தார்கள், சில இடங்களில் யாருமே நடக்கவில்லை. யாரும் நடக்காத இடங்களோடு ஒப்பிட்டால், நாய் நடந்த இடங்களில் பறவை இனங்களின் வகை 35 சதவீதமும் எண்ணிக்கை 41 சதவீதமும் குறைந்தது. மனிதர்கள் மட்டும் நடந்தபோதும் பாதிப்பு இருந்தது, ஆனால் பெரும்பாலும் அதில் பாதிகூட இல்லை. எனக்கு முக்கியமாகப் பட்டது இன்னொன்று. தினமும் நாய்கள் போய்வரும் பாதைகளிலும், நாய்களுக்குத் தடை உள்ள பாதைகளிலும் விளைவு கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தது. அதாவது, பறவைகள் நாய்க்குப் பழகிவிடும் என்ற நம் சமாதானம் அந்த ஆய்வில் எடுபடவில்லை.

சேற்றுப் பரப்பில் இதன் விலை இன்னும் அதிகம். கடல் வற்றும் சில மணி நேரம்தான் அங்கே சாப்பாட்டு நேரம். அந்த நேரத்தில் ஒருமுறை கூட்டமாகப் பறந்து எழுந்தால், சாப்பாடும் போச்சு, பறந்த சக்தியும் போச்சு. குளிர்காலத்துக்காகத் தூர வடக்கிலிருந்து வரும் சின்னச் சின்ன உள்ளான் வகைப் பறவைகளுக்கு, திரும்பிப் போகும் முன் உடம்பில் கொழுப்புச் சேர்ப்பதே பிழைப்பு. நம் ஊர் சிப்பிப்பாறையோ கன்னியோ வைத்திருப்பவர்களுக்குக் கூடுதலாக ஒரு வார்த்தை: அவை கண்ணால் பார்த்துத் துரத்தும் வேட்டை நாய்கள். தூரத்தில் ஒன்று அசைந்தால், கூப்பிட்ட குரல் காதில் விழாது.

தாராவிக்காரர்களுக்கு மிக அருகில் இருக்கும் பச்சை, மித்தி ஆற்றங்கரையில் உள்ள மகாராஷ்டிரா நேச்சர் பார்க். ஊர்க் குப்பையைக் கொட்டிக்கொண்டிருந்த இடத்தில் மரம் நட்டுக் காடாக்கி, 1994இல் திறந்தார்கள். மொத்தம் 37 ஏக்கர். அங்கே நாயைக் கூட்டிப் போவது சரியில்லை என்பது என் கருத்து. அவ்வளவு சின்ன இடத்தில் பறவை விலகிப் போக வேறு மூலை கிடையாது.

செம்பூர் குள்ளநரிகள் சொல்லும் செய்தி

டிராம்பே, மாகுல், மான்குர்த் பக்கத்து அலையாத்திக் காடுகளில் குள்ளநரிகள் வாழ்கின்றன. செம்பூரில் பல வருஷமாக இருப்பவர்களுக்கே இது ஆச்சரியமாக இருக்கும். ராத்திரியில் எலி, நண்டு, குப்பை என்று தேடித் தின்றுவிட்டு, மனிதர் கண்ணில் படாமல் போய்விடும் பிராணி அது. 2024இல் அந்தப் பகுதியில் அவை மனிதர்களைக் கடித்ததாகச் செய்திகள் வந்தன. இறந்த குள்ளநரிகளைச் சோதித்தபோது ரேபிஸ் உறுதியானது.

பயந்துகொண்டு குள்ளநரியை விரோதியாகப் பார்க்க வேண்டியதில்லை. இந்த நோய் இரண்டு பக்கமும் போகும், நாயிடமிருந்து நரிக்கும், நரியிடமிருந்து நாய்க்கும். ரேபிஸ் மட்டுமில்லை, டிஸ்டெம்பர் என்ற வைரஸும் அப்படித்தான். 1994இல் ஆப்பிரிக்காவின் செரெங்கெட்டியில் சுமார் 1,000 சிங்கங்கள், அதாவது அங்கிருந்தவற்றில் மூன்றில் ஒரு பங்கு, டிஸ்டெம்பரில் செத்துப்போயின. சுற்றுவட்டாரக் கிராமத்து நாய்களிடமிருந்து கிருமி பரவியது என்பதுதான் ஆய்வாளர்கள் வந்த முடிவு. இந்தியாவில் நாய்கள் தாக்கும் காட்டுயிர்கள் பற்றிய தகவல்களைத் திரட்டிய ஓர் ஆய்வு 80 இனங்களைப் பட்டியலிட்டது. அவற்றில் 31 இனங்கள் அழியும் ஆபத்தில் இருப்பவை. இதில் பெரும்பங்கு தெருநாய், ஊர்நாய்களுடையது. ஆனால் கிருமி விஷயத்தில் கழுத்துப் பட்டை பெரிய வித்தியாசம் செய்யாது, தடுப்பூசிதான் செய்யும்.

அதனால் செம்பூர், கோவண்டி, மான்குர்த் பக்கம் அலையாத்தி ஓரமாக நடப்பவர்கள், வருஷா வருஷம் போடும் ரேபிஸ் ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள். நாய்க்கு மாநகராட்சி லைசென்ஸ் எடுக்கவும் அந்தச் சான்றிதழ் வேண்டும். நாயையோ உங்களையோ குள்ளநரி, தெருநாய் கடித்தால், உடனே ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிஷம் கழுவுங்கள். அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள், அவர் தரும் ஊசித் தேதிகளில் ஒன்றைக்கூட விடாதீர்கள். ரேபிஸ் அறிகுறி தெரிந்துவிட்டால் பிறகு காப்பாற்ற வழி இல்லை என்றே சொல்ல வேண்டும்.

சேறு, எலி, உண்ணி

மழைக்காலத்தில் நாய்க்கு வரும் பெரிய ஆபத்து சிறுத்தையிடமிருந்து வருவதில்லை, குட்டையிலிருந்து வருகிறது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது நினைவிருக்கலாம். வெள்ளம் வடிந்தபின் நகரத்தில் பரவியது லெப்டோஸ்பைரோசிஸ் என்னும் எலிக்காய்ச்சல். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரும் சேறும் தோல் வெடிப்பு வழியாக உள்ளே போவதால் வருவது. நாய்க்கும் வரும். வந்த நாயின் சிறுநீரிலும் கிருமி இருக்கும், அதைத் துடைக்கும் உங்களுக்கும் ஆபத்துதான்.

நாய்க்குப் போடும் கூட்டுத் தடுப்பூசியின் பெயரில் கடைசியில் 'எல்' என்று ஓர் எழுத்து இருக்கிறதா என்று தடுப்பூசி அட்டையைப் பாருங்கள். அந்த எழுத்துதான் லெப்டோ. சில கூட்டு ஊசிகளில் அது இருக்காது. இருந்தாலும் அதன் பாதுகாப்பு சுமார் ஓராண்டுதான். தேங்கிய நீரில் நடந்துவிட்டீர்கள் என்றால், 72 மணி நேரத்துக்குள் மருத்துவரைப் பாருங்கள் என்றே மழைக்காலத்தில் மாநகராட்சி அறிவிக்கிறது. நீங்கள் சதுப்பில் இறங்கியிருந்தாலும் அதே கணக்குதான்.

உண்ணி அடுத்தது. உண்ணிக் காய்ச்சல் என்று கால்நடை மருத்துவர்கள் சொல்வது ஒரே நோய் அல்ல, எர்லிக்கியா, பபீசியா என்று வெவ்வேறு கிருமிகள். வீடு திரும்பியதும் காதுக்குள், கால் விரல் இடுக்கில், கழுத்துப் பட்டைக்கு அடியில் தடவிப் பாருங்கள். ரெண்டு வாரம் கழித்துச் சாப்பிடாமல் படுத்தால், ஈறு வெளுத்திருந்தால், 'எங்கே கூட்டிட்டுப் போனோம்' என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

சரி, அப்போ எங்கேதான் போறது?

கடற்கரைதான் என் முதல் பதில். கடல் வற்றும் நேரத்தைப் போனில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். அப்போதுதான் நடக்க இறுகிய மணல் கிடைக்கும். தாதர், மாகிம் கரைகள் மாட்டுங்கா, தாராவிக்காரர்களுக்குப் பக்கம். கூட்டம் வேண்டாம் என்றால் வடக்கே ஆக்சா, கோராய். ஒரு நாள் முழுக்க இருக்கிறதென்றால் அலிபாக். பாவுச்சா தக்காவில் இருந்து மாண்ட்வாவுக்கு 2020இல் தொடங்கிய ரோ-ரோ படகு சுமார் ஒரு மணி நேரத்தில் கொண்டுபோய் விடும். நாயை ஏற்றுவதற்கான விதியையும் கட்டணத்தையும் டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே கிஹிம் பக்கம் நடக்கலாம். ஆனால் ஆக்ஷி கடற்கரை பறவை பார்ப்பவர்களுக்குப் பெயர் போன இடம், குளிர்காலத்தில் அதை விட்டுவிடலாம்.

கடற்கரையிலும் ஒரு விதிவிலக்கு ஆமை. 2018 மார்ச்சில் வெர்சோவா கரையில் குறைந்தது 80 ஆலிவ் ரிட்லி குஞ்சுகள் கடலுக்குப் போயின. பல வருஷமாகக் குப்பை மலையாக இருந்த கரை அது. முட்டைக் குழியைத் தோண்டுவதில் நாய் கெட்டிக்காரன். சென்னையில் 1988 முதல் மாணவர்கள் ராத்திரி முழுக்கக் கரையில் நடந்து முட்டைகளைப் பொரிப்பகத்துக்கு எடுத்துப் போவதற்கு, நாய்களும் ஒரு காரணம். குளிர்காலத்திலிருந்து கோடைத் தொடக்கம் வரை மணலில் நாய் மும்முரமாகத் தோண்டினால் இழுத்துக்கொள்ளுங்கள்.

மலைதான் வேண்டும் என்பவர்கள், சரணாலய எல்லைக்கு வெளியே இருக்கும் சஹ்யாத்ரி பாதைகளைப் பார்க்கலாம். லோனாவாலாவில் இருந்து ராஜ்மாச்சி போகும் மண்பாதை சுமார் 15 கிலோமீட்டர், ஏற்றம் குறைவு. ஊர்நாய்கள் பிஸ்கட்டுக்காகக் கூடவே வரும். உங்கள் நாய் அதை நட்பாக எடுத்துக்கொள்ளுமா என்பது உங்களுக்குத்தான் தெரியும். மழைக்காலத்தில் அருவிப் பக்கம் மாவட்ட நிர்வாகம் தடை போடுவது வழக்கம், கிளம்பும் முன் பார்த்துவிடுங்கள்.

எங்கே போனாலும் வெயில் ஒன்றுதான். நாய் உடம்பு சூட்டை வெளியேற்றுவது பெரும்பாலும் மூச்சிரைத்துத்தான். மும்பை மாதிரிக் காற்றில் ஈரம் அதிகமாக இருந்தால் அதுவும் சரியாக வேலை செய்யாது. ஒரு செல்போன் விளம்பரம் 2003இல் பிரபலமாக்கிய பக் மாதிரித் தட்டை மூக்கு நாய்களுக்கு இன்னும் கஷ்டம், அவற்றை நீண்ட நடைக்குக் கூட்டிப் போகாமல் இருப்பதே நல்லது. புறங்கையைத் தரையில் ஏழு வினாடி வைக்க முடியாவிட்டால் அந்தத் தரையில் நாயை நடத்தாதீர்கள். தள்ளாடினால், ஈறு கருஞ்சிவப்பானால், முதலில் உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றிக் காற்று படவிடுங்கள், அப்புறம் மருத்துவமனை. ஈரத் துண்டைப் போர்த்தி வைத்தால் சூடு உள்ளேயே தங்கிவிடும்.

கடல் தண்ணீரைக் குடிக்க விடாதீர்கள், வீட்டிலிருந்தே தண்ணீர் எடுத்துப் போங்கள். மழைக்காலத்தில் ஜூஹு, ஆக்சா கரைகளில் நீலநிற ஜெல்லிமீன்கள் ஒதுங்கும். செத்துக் கிடந்தாலும் கொட்டும், முகர விடக்கூடாது. அந்த மாதங்களில் கரைக்கு வரும் கறுப்புத் தார் உருண்டை பாதத்தில் ஒட்டிக்கொண்டால் தண்ணீரில் போகாது. நாய் நக்குவதற்குள் சமையல் எண்ணெய் தடவித் தேய்த்து, பிறகு சோப்பு போட்டுக் கழுவினால் வந்துவிடும்.